படையல் கறி மிச்சமும் இரண்டரைக் கிலோ உருளைக்கிழங்கும்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் மாலை, இரண்டு கிலோவுக்குக் குறையாத ஆட்டிறைச்சிப் பிரட்டலை வீட்டுப் பின்பக்கம் வாழைக்கடியில் குழி தோண்டிப் புதைத்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவும் இல்லை.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அம்மாவின் சிறுவயது முழுக்க அதற்குள்ளேயே போய்விட்டது. அரிசிக்குப் பங்கீடு. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் கைக்குப் போய்விடும் என்று வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக்கூடத் தடை. அப்படி வளர்ந்தவர் முன்னால் இரண்டு கிலோ கறியை மண் போட்டு மூடினேன். அந்த மௌனம் ஒரு வருடமாக என்னோடு இருந்தது.

கெட்டுப்போனதற்குக் காரணம் நான்தான். பெரிய குண்டான் நிறைய இருந்த பிரட்டலை மூடி போட்டு, ஆறட்டும் என்று மேசைமேல் விட்டேன். விருந்தினர் போய், பாத்திரம் கழுவி, ராத்திரி ஒரு மணிக்கு அப்படியே ஐஸ்பெட்டிக்குள் தூக்கி வைத்தேன். காலையில் கரண்டி விட்டபோது ஓரமெல்லாம் குளிர்ந்து கெட்டியாகி இருந்தது, நடுவில் மட்டும் இன்னும் வெதுவெதுப்பு. மாலைக்குள் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ், மூக்கைச் சுளிக்க வைக்கும் புளிப்பு. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். அந்தக் குண்டானின் நடுப்பகுதி விடிய விடிய அதே சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. “நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்” என்று ஒரு சித்தி சொன்னார். ஆகாது. கிருமி செத்தாலும், சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதியில் அழிவதில்லை. அதனால்தான் புதைத்தேன்.

இந்த வருடம் ஒரு நோட்டுப் புத்தகம், சமையலறைத் தராசு, இருபத்தைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய குத்திப் பார்க்கும் வெப்பமானி மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். மனைவிக்கு ஈப்போவில் இரவு வேலை. வீட்டுச் சமையல் பல வருடமாக என் பொறுப்பு. சாப்பிட நாங்கள் ஐந்து பேர். அம்மாவுக்குப் பின்பற்கள் இல்லை, அதனால் எதுவும் மெத்தென்று இருக்க வேண்டும். இனி வருவது நோட்டில் எழுதியதை விரித்தது.

திங்கள் இரவு

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல். அப்பாவுக்கு ஆட்டிறைச்சி, பாட்டிக்குக் கருவாடு, தாத்தாவுக்கு ஒரு கிளாஸ் கறுப்புக் காப்பி. படைத்த சாப்பாடு விளக்கேற்றி, கும்பிட்டு, காக்கைக்கு வைத்து முடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் வெளியில் இருந்துவிடும். ஆகவே இந்த முறை இலையில் கொஞ்சமாகத்தான் வைத்தோம். மிச்சம் அடுப்பிலேயே சின்னத் தீயில் சூடாக இருந்தது. இலையில் இருந்ததை அப்போதே எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டோம். படையலுக்கு இதில் ஒரு குறையும் வரவில்லை. அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொண்டுதான் செய்தேன்.

மறுநாள், திங்கட்கிழமை, தீபாவளிக்கு ஆறு கிலோ ஆட்டிறைச்சி சமைத்தோம். உறைந்து வரும் ஆஸ்திரேலிய இறைச்சி, கிலோ 38 வெள்ளி. உள்ளூர் ஆடு எங்கள் கைக்கு எட்டாது. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது, ஈப்போ சொந்தக்காரர்கள் வரவில்லை. இரவு எட்டரைக்குத் தராசில் வைத்தேன்: மிச்சம் 2,300 கிராம் பிரட்டல். கூடவே ஆறு துண்டு பொரித்த கோழி.

என் அனுபவத்தில் மிச்சக் கறியின் கதி அந்த முதல் ராத்திரியிலேயே முடிவாகிவிடுகிறது. மறுநாள் எவ்வளவு கைப்பக்குவம் காட்டினாலும் அதை மாற்ற முடியாது. களைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து, சூடு கை பொறுக்கும் அளவுக்கு வந்ததும், கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, கறி வேறு, எலும்பு வேறு, மசாலா வேறு என்று பிரித்தேன். கறி 1,200 கிராம், எலும்பு 600, மசாலாவும் எண்ணெயும் சேர்ந்து 500. மகள் தட்டையான டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். எந்த டப்பாவிலும் மூன்று விரல் உயரத்துக்கு மேல் நிரப்பவில்லை. கறித் துண்டுகளின் மேல் கொஞ்சம் மசாலாவைப் பூசினாற்போல் பரப்பினேன். பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு நேரே உள்ளே. மொத்தம் இருபத்தைந்து நிமிட வேலை. பதினோரு மணிக்கு வெப்பமானியைக் குத்தினேன், டப்பாவின் நடுவில் எட்டு டிகிரி. காலையில் நாலு. சென்ற வருடக் குண்டானை நினைத்துக்கொண்டேன்.

400 கிராம் கறியை மட்டும் அன்றைக்கே உறைபெட்டியில் வைத்தேன். சமைத்த கறியைக் கீழ்த்தட்டில் மூன்று நாலு நாளுக்கு மேல் நான் நம்புவதில்லை. அது போக எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. வியாழனுக்குள் முடியாதது எது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. நாலாம் நாள் வரை வைத்துப் பார்த்துவிட்டு உறைய வைப்பது பலர் செய்கிற தவறு, நானும் செய்திருக்கிறேன்.

இன்னொன்று: உருளைக்கிழங்கு போட்ட கறியை உறைய வைக்காதீர்கள். கிழங்குக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி அதன் உள்கட்டை உடைத்துவிடும். திரும்ப இளக்கும்போது பஞ்சைப் பிழிந்தால்போல் தண்ணீர் விட்டுக்கொண்டு, வாயில் மணல் மணலாக இருக்கும். கிழங்கை எடுத்துவிட்டுக் கறியை மட்டும் வைக்க வேண்டும். வெண்ணெய் சேர்த்து மசித்த கிழங்கு என்றால் பரவாயில்லை, தாங்கும்.

செவ்வாய் காலை: சுண்டக்கறி

“லயத்துல ஐஸ்பெட்டி ஏது தம்பி? காலையில ஒரு கொதி, சாயங்காலம் ஒரு கொதி. அப்படியே மூணு நாள் ஓட்டுவோம்” என்றார் அம்மா. சுண்டக்கறி பிறந்தது அப்படித்தான். ருசிக்காகச் சுண்ட வைக்கவில்லை, கெடாமல் இருக்கத்தான் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தார்கள். ருசி பின்னால் வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் மசாலா கறுத்து, எண்ணெய் பிரிந்து, சட்டியைச் சோற்றால் துடைத்துச் சாப்பிடும் அளவுக்கு ஆகிவிடும். கறி மட்டும் நார் நாராகப் போயிருக்கும். அந்தக் காலத்தில் அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

கறியும் மசாலாவும் தனித்தனியாக இருந்ததால் எனக்கு ஒரு வழி கிடைத்தது. மசாலாவை மட்டும் மண்சட்டியில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் இருபது நிமிடம் சுண்ட வைத்தேன். 300 கிராம் கிழங்கைக் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேக வைத்து, வடித்து மசாலாவில் புரட்டினேன். கிழங்கு மசாலாவைக் குடித்து, ஓரங்கள் சிவந்து சட்டியில் ஒட்ட ஆரம்பித்ததும் 200 கிராம் கறி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. நாலு நிமிடம்தான். வெப்பமானி 78 காட்டியது. திரும்பச் சூடாக்கும் எதுவும் 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. அதைத் தொட்டதும் இறக்கிவிட்டேன்.

கறியைக் கடைசியில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் சமையலிலேயே அதிலுள்ள சவ்வு உருகிப் பிசுபிசுப்பாகிவிட்டது. அந்தப் பிசுபிசுப்புதான் வாயில் மெத்தென்று தெரிவது. மறுபடி அரைமணி நேரம் கொதித்தால் அது குழம்பில் கரைந்து போய்விடும், மிஞ்சுவது வெறும் நார். வெந்த கறிக்கு வேண்டியது சூடு மட்டும்.

தோசைக்குத் தொட்டுக்கொண்டு அம்மா மெதுவாகச் சாப்பிட்டார். “வாசனை அதேதான். கறி மட்டும் நேத்து வெச்சது மாதிரி இருக்கு” என்றார். நோட்டில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

இரவு எலும்புச் சாறு. 600 கிராம் எலும்பைக் குக்கரில் நாற்பது நிமிடம் விட்டு, வடிகட்டி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, கிழங்கு ஒரு கைப்பிடி. வெளியே மழை. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். 250 மில்லி சாற்றை மட்டும் வியாழக்கிழமைக்கு எடுத்து வைத்தேன். காலையில் அதன் மேலே படிந்திருந்த வெள்ளைக் கொழுப்பைக் கரண்டியால் வழித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். அது எண்ணெய்க்குப் பதில்.

புதன்: பெர்கெடில், முதலில் உடைந்தது, பிறகு நின்றது

பெர்கெடில் என்னும் கிழங்கு வடை இந்த நாட்டில் எல்லோர் தட்டிலும் இருக்கிறது. சோத்தோ என்ற சூப்பில் மிதக்கும், நாசி பாடாங் சோற்றுக்கடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். டச்சுக்காரர்களின் ‘ஃப்ரிக்கடெல்’ என்ற கறி உருண்டை இந்தோனேசியாவில் ‘பெர்கெடெல்’ ஆகி, இங்கே வந்து ‘பெர்கெடில்’ ஆகியிருக்கிறது. கறி கொஞ்சமும் கிழங்கு நிறையவும் இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரியவில்லை.

மதியம் 500 கிராம் கிழங்கைத் தோலுரித்து, துண்டு போட்டு வேக வைத்தேன். வடித்து மசித்தேன். 150 கிராம் கறியை மசாலாவோடேயே பிய்த்துப் போட்டேன், வெங்காயத்தாள், மிளகு, உப்பு. தட்டையாகத் தட்டி, முட்டையில் தோய்த்து, குவாலியில் (வாணலி) எண்ணெய் காய்ந்ததும் நாலு உருண்டை போட்டேன். இரண்டு நிமிடத்தில் முதலாவது கரைந்தது. திருப்பப் போனேன், இரண்டாவது இரண்டாகப் பிளந்தது. எண்ணெய் முழுக்க நுரை, அடியில் மசாலாத் துகள் கருகி ஒரே கசப்பு வாசனை. மிச்ச உருண்டைகளைப் போடாமல் அடுப்பை அணைத்தேன்.

வீணாகப் போகவில்லை. போடாத மாவை எல்லாம் தோசைக்கல்லில் பரப்பி, கொஞ்சம் கொழுப்பு விட்டு, முறுக விட்டுக் கிளறி, முட்டை இரண்டை உடைத்து ஊற்றினேன். பிள்ளைகள் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஆனால் நான் செய்ய நினைத்தது அதுவல்ல.

பக்கத்து வீட்டு மலாய் அக்கா வேலி ஓரம் துணி எடுத்துக்கொண்டிருந்தார். எப்படிச் செய்தேன் என்று சொன்னேன். வேக வைத்ததாகச் சொன்ன உடனேயே தலையாட்டினார். “கோரேங், ஜாங்ஙான் ரெபுஸ்.” பொரிக்கணும், வேக வைக்காதே. அவர் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தானாம். கிழங்கை வில்லையாக நறுக்கிப் பொன்னிறத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை பொரித்து, சூட்டோடு இடித்துக்கொள்ள வேண்டும். வேக வைத்தால் கிழங்கு தண்ணீர் குடிக்கும், பொரித்தால் தண்ணீரை விடும். ஒரே வாக்கியத்தில் என் மதியம் முழுவதும் விளங்கிவிட்டது.

சாயங்காலம் மறுபடி. இந்த முறை கிழங்கையும் சோதித்துப் பார்த்தேன். கடையில் வாங்கி வைத்திருந்தது இரண்டு விதம்: மண் நிறத் தோலும் நீள உடம்புமாக ரஸ்ஸட், மெல்லிய தோலும் மஞ்சள் சதையுமாக இன்னொன்று. ஒரு பங்கு உப்புக்குப் பதினோரு பங்கு தண்ணீர் கலந்து ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஒவ்வொன்றாகப் போட்டேன். ரஸ்ஸட் அடியில் போய் உட்கார்ந்தது, மஞ்சள் கிழங்கு மிதந்தது. மூழ்குவதில் மாவுச்சத்து அதிகம், அதனால் கனம். அது உதிரும், மசிக்கவும் பொரிக்கவும் ஏற்றது. மிதப்பது குழம்பில் கரையாமல் நிற்கும். மதியம் நான் மசித்தது மிதக்கிற ரகத்தை. சின்னவன் இந்தச் சோதனையை வீட்டிலிருந்த எல்லாக் கிழங்குக்கும் செய்து பார்த்துவிட்டுத்தான் ஜாடியைக் கொடுத்தான். அதில் ஒன்று தோலுக்கடியில் பச்சையாக இருந்தது. கிழங்கு வெளிச்சம் பட்டுப் பச்சையானால் சொலனைன் என்ற நஞ்சும் கூடியிருக்கும், வேக வைத்தாலும் போகாது. அதை மட்டும் எறிந்துவிட்டு, மற்றதைக் காகிதப் பையில் கட்டி அலமாரிக்கடியில் வைத்தேன். வேக வைக்காத கிழங்கை ஐஸ்பெட்டியில் வைக்கவும் கூடாது. குளிரில் மாவு சர்க்கரையாகி, பொரிக்கும்போது உள்ளே வேகும் முன் வெளியே கறுத்துவிடும்.

500 கிராம் ரஸ்ஸட்டை விரல் கனத்துக்கு வில்லை போட்டுப் பொரித்து, வடிதட்டில் ஐந்து நிமிடம் ஆவி போக விட்டு, உரலில் இடித்தேன். நைசாக வேண்டாம், இங்கொன்றும் அங்கொன்றும் கட்டி இருக்கட்டும். கறியைத் தனியாக வெறும் குவாலியில் வறட்டி, மசாலாவின் ஈரம் முழுக்கப் போய்ப் பொடிப்பொடியாகும் வரை வைத்தேன். 150 கிராம், ஆறினபின் 110 காட்டியது. இந்தத் தண்ணீர் மதியம் எண்ணெய்க்குள் போய்தான் அந்த நுரை! பொரித்த சின்ன வெங்காயம், டாவுன் சூப் (செலரித் தழை), வெள்ளை மிளகு. உருட்டித் தட்டி அரைமணி நேரம் குளிரில் வைத்தேன். குளிரில் மாவுச்சத்து இறுகிக்கொள்ளும், அக்கா சொல்லாமல் விட்டதென்றால் இது ஒன்றுதான். முட்டையில் தோய்த்து, பாதி மூழ்கும் எண்ணெயில், ஒரு பக்கம் சிவக்கும் வரை தொடவே தொடாமல்.

பதினான்கு வந்தது. ஒன்றும் உடையவில்லை. நாலை அக்கா வீட்டுக்குக் கொடுத்தேன். இறைச்சி ஹலால் கடையில் வாங்கியது என்று அவருக்குத் தெரியும். தட்டு திரும்பி வந்தபோது அதில் நான்கு பழுத்த பீசாங் மாஸ் வாழைப்பழம் இருந்தது.

வியாழன்: கிழங்கு மூடிய கறி

இதற்காகத்தான் கிழங்கு இரண்டரைக் கிலோ வாங்கினேன்.

அம்மாவின் அப்பா துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் பெரிய இறைச்சித் துண்டு ஒன்றைச் சுடுவார்களாம். திங்கட்கிழமை அந்த மிச்சத்தைக் குசினிக்காரர் பொடியாக நறுக்கி, குழம்பாக்கி, மேலே மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடுவார். பிரிட்டனில் கிழங்கு ஏழைகளின் சாப்பாடாகப் பரவிய பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த பழக்கம் அது, அங்கேயும் மிச்சத்தைத் தீர்க்கத்தான். மாட்டிறைச்சியில் செய்தால் ‘காட்டேஜ் பை’, ஆட்டிறைச்சியில் செய்தால் ‘ஷெப்பர்ட்ஸ் பை’. தாத்தா மாட்டிறைச்சி தொடமாட்டார். ஆட்டிறைச்சி நாளில் மட்டும் குசினிக்காரர் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார், லயத்தில் ஆறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி. அம்மா அதற்குப் பெயர் தெரியாமல் இன்றுவரை ‘கிழங்கு மூடி’ என்றுதான் சொல்கிறார். எழுபது வருடத்துக்கு முந்திய ருசி. மேலே முறுகியிருக்குமாம், கீழே கரண்டி தானாக இறங்குமாம்.

எங்களிடம் ஓவன் இல்லை. மனைவி போன வருடம் வாங்கிய ஏர் பிரையர்தான். பெரிய தட்டு உள்ளே போகாது, ஆகவே ஆறங்குல அலுமினிய கேக் அச்சு இரண்டில் பிரித்துச் செய்தேன்.

அடிப்பகுதி: புதன்கிழமை காலை வழித்து வைத்த கொழுப்பில் இரண்டு கரண்டி, ஒரு பெரிய வெங்காயம், பொடியாக நறுக்கிய கேரட் ஒன்று, நான்கு கிராம்பு. வெங்காயம் நன்றாகச் சிவந்ததும் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தூவி, பச்சை வாசனை போக வதக்கி, எடுத்து வைத்த 250 மில்லி எலும்புச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றினேன். சாறு குளிரில் கட்டியாகி ஜெல்லி மாதிரி இருந்தது, செவ்வாய்க்கிழமை எலும்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. கேரட் விரலால் நசுங்கும் வரை பன்னிரண்டு நிமிடம் கொதி. பட்டாணி ஒரு கைப்பிடி. கடைசியில்தான் 300 கிராம் கறி, கையால் நன்றாகப் பிய்த்தது, அம்மாவுக்காக.

கிராம்பு ருசிக்கு மட்டும் இல்லை. சமைத்த இறைச்சி ஐஸ்பெட்டியில் இருக்கும்போது அதிலுள்ள இரும்புச்சத்து கொழுப்பைக் காற்றோடு சேர்த்துக் கெடுக்கும். திரும்பச் சூடாக்கினால் அட்டைப்பெட்டி மாதிரி ஒரு பழைய வாடை வருவது அதனால். கிராம்பு, வெங்காயம், மிளகு போன்றவை அதைத் தடுக்கக்கூடியவை. பிரட்டலில் ஏற்கெனவே எல்லாம் இருந்ததாலும், மேலே மசாலா பூசிக் காற்றை மறைத்திருந்ததாலும் மூன்றாம் நாளும் எங்கள் கறியில் அந்த வாடை இல்லை. மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுப் பொரித்த கோழியில் இரண்டாம் நாளே வந்துவிட்டது. ஒரே தட்டில் வைத்த இரண்டையும் முகர்ந்து பார்த்தபோது வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது.

மேல்பகுதி: 700 கிராம் மூழ்குகிற கிழங்கு. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு அதோடேயே சூடேற்றினேன், கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் கரைந்தும் உட்பக்கம் வேகாமலும் இருக்கும். வடித்த பிறகு அதே சூடான பாத்திரத்தில் இரண்டு நிமிடம் குலுக்கி ஈரத்தைப் போக்கினேன். சூட்டோடு மத்தால் மசித்து, முதலில் 50 கிராம் வெண்ணெய், அப்புறம் சூடான பால் 100 மில்லி. மிக்ஸியில் போட்டுவிடாதீர்கள். கத்தி மாவுச்சத்தை எல்லாம் வெளியே இழுத்து, கிழங்கைச் சுவரொட்டி ஒட்டும் பசையாக்கிவிடும். ஒரு பிறந்தநாள் விருந்துக்கு நான் அப்படிப் பசை செய்து பரிமாறியிருக்கிறேன்.

அச்சில் கறி, மேலே கிழங்கு. ஓரத்தில் இடைவெளி விடாமல் முதலில் சுற்றுப்பக்கத்தை அழுத்தி மூடிவிட்டு, நடுவில் பரப்பினேன். முள்கரண்டியால் கோடு கிழித்தேன், அந்த முகடுகள்தான் முறுகும். 190 டிகிரி, பதினான்கு நிமிடம். முதல் அச்சை உடனே வெட்டினேன், குழம்பு ஓடித் தட்டெல்லாம் பரவிவிட்டது. இரண்டாவதைப் பத்து நிமிடம் ஆற விட்டேன். மாவும் எலும்புச் சாற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்து இறுகி, கரண்டி இறங்கிய பிறகும் வடிவம் நின்றது.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். கிழங்கு 9 வெள்ளி, வெங்காயம் 4, முட்டை 2, வெண்ணெயும் பாலும் 7. கறிபாப்புக்கு (உள்ளே கறி வைத்து மடித்த பலகாரம்) வாங்கிய உறைந்த பரோட்டா 5. மொத்தம் 27 வெள்ளி, ஐந்து பேருக்கு ஐந்து வேளை. தலைக்கு ஒரு வேளைக்கு ஒரு வெள்ளியும் சில்லறையும். கறிக்குக் கொடுத்த காசு தீபாவளிக் கணக்கில் ஏற்கெனவே போய்விட்டது.

கறிபாப்பைப் பற்றி இரண்டு வரி: வாடை வந்த கோழியை எலும்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, திங்கட்கிழமை மிஞ்சிய மசாலா, கறித்தூள், வெங்காயம், மீதிக் கிழங்கோடு வியாழக்கிழமையே நன்றாக வதக்கி வைத்துவிட்டேன். வாடை மறைந்தது. பரோட்டாவைப் பாதி இளகியதும் நாலாக வெட்டி, மடித்து, முள்கரண்டியால் ஓரம் அழுத்தினால் போதும். முழுக்க இளகிவிட்டால் கையில் ஒட்டும்.

வியாழன் இரவுக்குத் திரும்புகிறேன். அம்மாவுக்கு இரண்டாவது அச்சிலிருந்து ஓரத் துண்டாகப் பார்த்து வைத்தேன். முதலில் முறுகிய முகட்டைக் கரண்டி முனையால் தட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். முடித்துவிட்டு, அச்சின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துக்கொண்டார். மனைவி வேலைக்குக் கிளம்பும் நேரம், வாசலில் நின்றபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதேதான்,” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அப்பா கொண்டாந்ததுல புதினா வாசனை இருக்கும் தம்பி. இப்பதான் ஞாபகம் வருது” என்றார்.

பின்பக்கம் வாழைக்குப் பக்கத்துத் தொட்டியில் புதினா இருக்கிறது. உறைபெட்டியில் 400 கிராம் கறி இருக்கிறது. சனிக்கிழமை இரவே அதைக் கீழ்த்தட்டில் இறக்கி வைத்துவிட வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.